முழுங்கிப் பாத்தியாட்டி?

அவளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக மனம் மாறிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். மரியாதையாக ‘அவர்’ என்று போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

எங்கள் மையத்தில் அவளுக்கு ‘மதினி’ என்று பெயர். அவளோடு வருகிறவன் அப்படிக் கூப்பிடுவான். அவள் புருசனின் தம்பி. புருசன் கேரளாவில் எங்கேயோ வேலை. மூன்று ஓணத்துக்கு ஆள் வரவில்லை என்று கேள்வி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாதாமாதம் கூட்டு மருந்து கொடுக்கும் மையம் அது. தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர், ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அதன் பின்கட்டு. நான் ஆலோசகர். வயது இருபத்துமூன்று. சமூகப்பணி படித்த கையோடு பயிற்சிக்குப் போய், புரட்டிப் புரட்டிக் காட்டுகிற படப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து மேசையில் நிறுத்தியிருந்தேன். யாராவது ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்லுவேன். கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

அவளிடமும் சொன்னேன். “இந்த மாத்திரைய ராத்திரி படுக்கப் போகும்போது, வெறும் வயித்துல போடணும். தலை சுத்தும், சொப்பனம் வரும். பயப்படக் கூடாது. நாலு வாரத்துல சரியாயிரும்.”

அவள் படத்தைப் பார்க்கவில்லை. என் கம்மலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, நீ முழுங்கிப் பாத்தியா?”

“நான் எதுக்குக்கா முழுங்கணும்?”

“அப்பொ நாலு வாரம்னு உனக்கு யாரு சொன்னா?”

“பயிற்சியில சொன்னாங்க.”

“அவங்க முழுங்கினாங்களா?”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவனின் தோளைத் தட்டிக் காட்டினாள். “இவன் முழுங்க ஆரம்பிச்சு ஒண்ணேகால் வருசம் ஆவுது. உன் நாலு வாரம் எப்பட்டி முடியும்?”

இப்படித்தான் தொடங்கியது. அவளுக்கு வாய்ப்பேச்சு எதுவும் ஒரு பொருட்டே அல்ல. எதுவாக இருந்தாலும் ஓர் உடம்புக்குள் போய்த் திரும்பி வந்தால்தான் நம்புவாள். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “நீரு ஒரு மடக்கு குடியும், அதுக்குப் பெறவு நான் குடிக்கேன்” என்று கடைக்காரரிடமே திருப்பி நீட்டியதை நானே பார்த்தேன். மலைமேல் மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள் அவள். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும். “இது தேயிலையா வே? நாங்க பெருக்கித் தள்ளுத தூசில்லா!” கடைக்காரர் அன்றிலிருந்து அவள் தலை தெரிந்தாலே பாய்லருக்குப் பின்னால் போய்விடுவார். மருந்து கொடுக்கும் அண்ணாச்சியிடமும் அதே கதைதான். அவர் டப்பாவைக் கவிழ்த்து மிச்ச மாத்திரையை எண்ணி, “சரியா இருக்கு, ஒழுங்காப் போடுதான்” என்பார். ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைப்பாள். “எண்ணுனது போதும். ஒண்ணு முழுங்கும், பாப்போம்.” அண்ணாச்சிக்குக் காது வரை சிவந்துவிடும்.

நல்ல மனுசியாக இருந்து இப்படிக் கேட்டால் வேறு. அவள் நல்ல மனுசியும் இல்லை. வரிசையில் முன்னால் நிற்பவரை முழங்கையால் இடிப்பாள். ‘சவம்’, ‘மூதி’ இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. படிவத்தில் நிரப்புவதற்காக, இவரை ஏன் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ஈரமான பதில் ஒன்று வரும் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

“இவன் செத்தா, மதினிக்காரி சோத்துல வெசம் வச்சிட்டாம்பாவ. அதுக்குத்தான்.”

அவனுக்கு இரண்டு நோய். முதலில் வந்தது மனநோய். பல வருடம் முன்பு காதில் குரல் கேட்டு, வேலையை விட்டு, கோட்டி என்று பெயர் வாங்கி, பிறகு மனநலப் பிரிவின் மாத்திரையில் அடங்கி மறுபடி எஸ்டேட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். அதற்கப்புறம்தான் எச்.ஐ.வி. தெரியவந்து, எங்கள் மாத்திரை தொடங்கியது. மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. அதில் ஒன்று எஃபாவிரென்ஸ். இப்போது பெரும்பாலும் கொடுப்பதில்லை, அப்போது எல்லோருக்கும் அதுதான். அது மூளைக்குள் போய்ச் சேட்டை செய்யும். பலருக்குச் சில வாரம் சொப்பனத்தோடு முடிந்துவிடும். ஏற்கெனவே மனநோய் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. இது என் படப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பக்கம் வரை நான் புரட்டியதில்லை. அதற்குள் அடுத்த டோக்கன் வந்துவிடும்.

அவனுக்கு அட்டை வந்தது. மலையில் மழைக்காலத்தில் காலில் ஏறும், ரத்தம் குடிக்கும் அட்டை. ராத்திரி மாத்திரை போட்டு மூன்று நாலு மணி நேரத்தில் பாதத்திலிருந்து ஏறும். விழித்த பிறகும் ஏறும். அட்டையை உதிர்க்க எழுந்து உப்பு தேடுவான். எஸ்டேட் கட்டிக்கொடுத்த லயத்து வீட்டில் ஒரே அறை. உப்புச் சட்டியைக் கவிழ்த்து உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்வான். ஒருநாள் அட்டையிலிருந்து தப்பிக்க வெளியே ஓடி, சரிவின் விளிம்பில் போய் நின்றிருக்கிறான். அன்றிலிருந்து கொழுந்துக் கூடைக் கயிற்றின் ஒரு நுனியை அவன் காலிலும் மறுநுனியைத் தன் காலிலும் கட்டிக்கொண்டு அவள் வாசலுக்குக் குறுக்கே படுக்கிறாள். இதை அவளே சொன்னாள். “கயிறு இழுபட்டா எந்திப்பேன். என்னைக்காவது நான் அசந்து கெடந்தா அன்னைக்கு அவன் பாறையில கெடப்பான். இந்த மாத்திரைய மாத்திக் குடுக்கச் சொல்லுட்டி.”

டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் கெட்டவர் இல்லை, களைத்தவர். அது பழைய மனநோய், மனநலப் பிரிவில் கேட்கச் சொல் என்றார். மனநலப் பிரிவு முன்கட்டில். நடுவே சைக்கிள் நிறுத்துமிடம். அங்கே போனால், அவன் எங்கள் மாத்திரையில் நன்றாகத்தானே இருந்தான், இது பின்கட்டு மாத்திரை, அங்கே கேள் என்பார்கள். மாதம் ஒருமுறை இரண்டு கட்டடத்துக்கும் நடுவே அவளும் அவனும் நாலைந்து தடவை நடப்பார்கள்.

“அங்கன கேட்டா இங்கனங்காவ, இங்கன கேட்டா அங்கனங்காவ. நான் என்ன பந்தா?”

இன்னொன்றும் சொன்னாள். “ஞாயித்துக்கெழம கறி எடுத்தா, அன்னைக்கு ராத்திரி அட்டை கூடுதலா ஏறுது.”

நான் சிரித்துவிட்டேன். “சொப்பனத்துக்கும் கறிக்கும் என்னக்கா சம்பந்தம்?”

சம்பந்தம் இருந்தது. கொழுப்போடு போட்டால் அந்த மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறும். ‘எண்ணெய், கொழுப்பு அதிகமுள்ள உணவோடு சாப்பிடக் கூடாது’ என்று ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு நான்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் தாண்டாத ஒருத்தி, கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு படுத்து, தானாகக் கண்டுபிடித்ததைக் கேட்டுச் சிரித்தேன். இதை ஒத்துக்கொள்வதால் அவளைப் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

சிக்கல் என்னவென்றால், அட்டை ராத்திரியில் வரும். டாக்டர் பகலில் வருவார். காலையில் குளித்து, எண்ணெய் வைத்து, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு அவன் சாது மாதிரி உட்கார்ந்திருப்பான். டாக்டர் பார்ப்பார். “நல்லாத்தானே இருக்காரு.”

“ராத்திரி வந்து பாருங்க.”

“மாஞ்சோலைக்கா?” என்று டாக்டர் சிரிப்பார்.

“அப்பொ பகல்ல காட்டுதேன்” என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் அதை வழக்கமான ஏச்சு என்று விட்டுவிட்டோம்.

அடுத்த மாதம், ஒரு திங்கட்கிழமை. கூடம் நிறைந்திருந்தது. அவன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பைய வேட்டியை முழங்கால் வரை தூக்கினான்.

“மதினி, உப்பு.”

அவள் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு டாக்டர் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, உப்பு குடு. ஏறுது.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “போயி டாக்டர வரச் சொல்லு. இப்பொ வரச் சொல்லுட்டி.”

“உங்க டோக்கன் இருபத்தாறுக்கா. இப்ப பதினொண்ணுதான் போவுது.”

நான் அப்படித்தான் சொன்னேன். வாயிலிருந்து தானாக வந்தது.

பிறகு நடந்தது எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும். அவன் நகத்தால் கணுக்காலைப் பிறாண்டி ரத்தம் வரவழைத்தான். “உப்பு! உப்பு!” என்று கத்திக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறினான். வெளியே போகப் பார்த்து, வாசலை விட்டு ஜன்னலுக்குப் போனான். கண்ணாடிக்குள் கையை விட்டான். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். எனக்கு எல்லாவற்றிலும் முதலில் ஓட வேண்டும். அவன் ரத்தம் பட்ட கண்ணாடிச் சில் என் இடது உள்ளங்கையைக் கிழித்தது.

டாக்டர் ஓடி வந்தார். அவள் எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “பாத்தாச்சா? இதத்தான் சொன்னேன்.”

அவனை ஊசி போட்டு மனநலப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் மறைக்கவில்லை, வரிசையாகச் சொன்னாள். முந்தின ராத்திரி மாத்திரை கொடுக்கவில்லை. விடியுமுன் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமைக் கறியில் கொழுப்பாக நாலு துண்டு தின்னக் கொடுத்து, அதன் மேல் மாத்திரையைப் போட்டாள். மலை இறங்கி இங்கே வந்து சேரும்போது அட்டை ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மனுசனின் பயத்தை நேரம் பார்த்து வரவழைத்துக் கூட்டத்துக்கு நடுவே வைத்துக் காட்டினாள். இதைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. பின்னால் அவன் தெளிந்த பிறகு தனியாகக் கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா என்று. “தெரியாது. கறி குடுத்தா. தின்னேன்” என்றான். கோபம்கூட இல்லை அவன் முகத்தில்.

டாக்டர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். “நேரம் மாத்திக் குடுத்திருக்காங்க, கொழுப்போட குடுத்திருக்காங்க. பின்ன வராதா? மருந்து மேல தப்பில்ல.” அதே மாத்திரை தொடரும் என்றார். கையில் கட்டோடு உட்கார்ந்து, சிகிச்சை விவரம் எழுதும் அவனுடைய பச்சைப் புத்தகத்தில் நான் சிவப்பு மையில் எழுதினேன்: ‘காப்பாளர் ஒத்துழைப்பு இல்லை. சொல்வதைக் கேட்பதில்லை.’ எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கப்புறம் என் முறை. தொற்று ஏறாமல் இருக்க இருபத்தெட்டு நாள் மருந்து. முதல் மாத்திரை உடனே போட வேண்டும். எங்கள் அலமாரியில் இருந்தது எல்லோருக்கும் கொடுக்கும் அந்த ஒரே மாத்திரைதான். அண்ணாச்சி டப்பாவைத் திறந்து என் வலது கையில் வைத்தார். வாசலில் அவள் நின்றிருந்தாள். சேலையில் அவன் ரத்தம். அண்ணாச்சி ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

“முழுங்குட்டி,” என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

முழுங்கினேன்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தரை படகு மாதிரி ஆடியது. அம்மாவிடம் ஊசி போட்ட மயக்கம் என்று பொய் சொன்னேன். அன்று ராத்திரி என் கட்டிலுக்கு அடியில் யாரோ முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம். விழித்தேன். விளக்கைப் போட்டேன். விளக்கு வெளிச்சத்திலும் புடைத்துக்கொண்டே இருந்தார்கள். குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை. இரண்டாம் ராத்திரியும் அதே. மூன்றாவது ராத்திரி சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையணைக்குள் வந்தது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று நினைத்தேன். ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. போய் அம்மா பக்கத்தில் படுத்து, அவள் சேலை நுனியை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். மதினி காலில் கட்டிய கயிறு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலையில் டாக்டர் என்னைப் பார்த்ததும் கேட்டார். “என்னம்மா, கண்ணெல்லாம் இப்படி இருக்கு?”

சொன்னேன். முறம், அரிசி, சுவர். அவர் பாதியிலேயே பேனாவை எடுத்துவிட்டார். “சிலருக்கு ஒத்துக்காது. மாத்திருவோம்.” வேறு மருந்துக்குச் சீட்டு எழுதினார். மேசையில் இருந்த டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டுக் கதவு வரை வந்தேன். அன்று காலை வந்ததும்தான் படப் புத்தகத்தை முதன்முதலாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டியிருந்தேன். கதவைப் பிடித்த கை நகரவில்லை.

“சார், அந்த மாஞ்சோலைக்காரருக்கு?”

“அவர் கதை வேறம்மா. ஏற்கெனவே மனநோய். எது நோய், எது மருந்துன்னு எப்படிப் பிரிக்க?”

“மனநோய் இருந்தா இந்த மருந்தே குடுக்கக் கூடாதுன்னுதான சார் போட்டிருக்கு? கடைசிப் பக்கத்துல.”

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு முன்கட்டுக்குப் போன் செய்தார். மனநல டாக்டர் சைக்கிள்களுக்கு நடுவே நடந்து பின்கட்டுக்கு வந்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். இருவரும் உட்கார்ந்து, மருந்து மாற்ற அனுமதி கொடுக்கும் குழுவுக்குக் கடிதம் எழுதினார்கள். அனுமதி வந்து, மருந்து மாறி, சில வாரத்தில் அட்டை இறங்கிவிட்டது. பழைய நோய் பழைய மாத்திரைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அவனைக் கூட்டிக்கொண்டு அவள் வந்தாள். நான் எழுந்து நின்றேன். ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

“எத்தன நாளு முழுங்கின?”

“மூணு நாளுக்கா.”

அவனைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டியாலே? மூணு நாளு.” பிறகு என்னிடம், “ரெண்டு வருசமா இந்த வாசல்ல நின்னு நாய் மாதிரி கொலைச்சேன். நீ மூணு நாள் முழுங்கின, ஒடனே எளுதிட்டாவ.”

“நான் சொன்னதாலதான அக்கா மாத்துனாங்க?”

“அதத்தாம்ட்டி நானும் சொல்லுதேன்.”

ஒரு கேள்விக்கு மூன்று பதில் வைத்திருந்தவள், படப் புத்தகத்தை மூடி வைத்தேன். அவன் மட்டும் என் இடது கையில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, “உப்பு வச்சியளா?” என்று கேட்டான். உண்மையான அக்கறையோடுதான் கேட்டான்.

தென்காசிப் பக்கம் உள்ள மையத்துக்கு மாற்றல் வேண்டும் என்றாள். அங்கே போக இன்னும் தூரம் அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். “உங்க மூஞ்சியில முழிக்கதுக்கு அந்தத் தூரம் தேவல.” படிவத்தை எடுத்தேன். மாற்றலுக்குக் காரணம் என்று ஓர் இடம் இருக்கும்.

“என்ன எழுதக்கா?”

“எளுது. இங்கன உள்ளவங்க தாங்க முழுங்குனாத்தான் நம்புதாங்கன்னு எளுது.”

நான் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினேன். அவள் கைநாட்டு வைக்கவில்லை, நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டாள். பச்சைப் புத்தகத்தைப் பிடுங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச காலம் முன்பு மாஞ்சோலை எஸ்டேட்டை மூடி எல்லோரையும் மலையிலிருந்து இறக்கிவிட்ட செய்தி வந்தபோது, சாமான் சட்டியோடு லாரிப் பக்கத்தில் நின்றவர்களின் படங்களில் அவளைத் தேடினேன். பிரியத்தால் இல்லை. எந்த அதிகாரியை எதை முழுங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று பார்க்கத்தான். எந்தப் படத்திலும் இல்லை.

அந்த மாற்றல் நாளுக்கு வருகிறேன். அவர்கள் போய் இரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது. சிவப்பு மையில் நான் எழுதிய வரியை அடிக்கவில்லை. அது பச்சைப் புத்தகத்தோடு, அவள் மடியிலேயே, தென்காசி பஸ் ஏறிவிட்டது. அங்கே அவள் வாய் திறப்பதற்கு முன்னால் அந்த வரிதான் பேசும்.

அந்த மையத்துக்குப் போன் போட்டேன். அங்கிருந்த ஆலோசகர் ஒரு பையன், குரலில் என்னைவிடச் சுறுசுறுப்பு. “ஆமா மேடம், இப்பத்தான் வந்தாங்க. புத்தகத்தத் திறந்துட்டேன். ஒத்துழைப்பு இல்லைன்னு போட்டிருக்கே? நானும் பாத்த ஒடனே நினைச்சேன். இது நீங்க எழுதினதா?”

அவன் குரலுக்குப் பின்னால், வேறு யாரிடமோ அவள் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “நீரு முழுங்கிப் பாத்தீரா வே?”

“நான்தான் எழுதினேன்,” என்றேன். “எழுதினது பொய். அடிச்சிருங்க.”

“அதெப்படி மேடம்?” என்றான் அந்தப் பையன். “எழுத்துல இருக்கத, போன்ல சொன்னா அடிக்க முடியுமா?”